ஜெமைமா வாய்விட்டுக் கேட்ட கேள்வி

எங்கள் ஊர் ரேடியோவில், வாசிக்கிற நம்பரைச் சீட்டில் அடித்து ஜெயிக்கிற பிங்கோ ஆட்டத்தை நடத்துகிறவள் ஜெமைமா. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நடுவில் ஊர்ச் செய்தி முழுவதையும் சொல்லி முடித்துவிடுவாள்.

"பி பதினொண்ணு. ஐசக் வீட்டுப் புகைபோக்கி அடைச்சுக்கிச்சாம், ஏணி வச்சிருக்கவங்க கொண்டு போங்க. ஜி அம்பத்திரெண்டு. கடையில வந்திறங்கின முட்டையில பாதி உடைசல், பாத்து வாங்குங்க. ஐசக் வீட்டுக்கு ஏணி வந்துருச்சாம், ஏறத்தான் ஆள் இல்லையாம்."

சீட்டு வாங்காதவர்கள்கூட ரேடியோவை அணைக்காமல் வைத்திருந்தது இதற்காகத்தான். அப்படிப்பட்டவள், தற்கொலைத் தடுப்புத் தொலைபேசிக்கு ஆள் தேவை என்று கவுன்சில் அறிவித்த மறுநாளே முதல் ஆளாகப் போய் நின்றாள் என்று கேள்விப்பட்டதும், ஊரே தலையில் கை வைத்தது. அங்கே வேலையே ரகசியம் காப்பதுதான்.

அதற்கு முந்தின குளிர்காலம், வடக்கே பனிக்காட்டு ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் இரட்டைமுனை ஊருக்குப் பொல்லாத காலம். மூன்று பிள்ளைகள், ஒருவர் பின் ஒருவராக, தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். நானூறு பேர் இருக்கிற ஊரில் மூன்று பேர் என்றால் சாவு விழாத வீடு கிடையாது. மூன்றாவதாகப் போனவன் லீவை. ஜெமைமாவின் நாத்தனார் டோர்க்காஸின் மகன். அவன் பெட்டிக்கு ஆணி அடித்தவர்களில் நானும் ஒருவன்.

தொலைபேசியில் ஆறுதல் சொல்கிற ஏற்பாடு தெற்கே நகரத்தில் இருக்கத்தான் செய்தது. எங்கள் ஊரிலிருந்து ஒருத்தி கூப்பிட்டிருக்கிறாள். எந்தத் தெரு என்று கேட்டார்களாம். தெரு இல்லை, ஏரிதான் இருக்கிறது என்றாளாம். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு டாக்சி பிடித்துப் போகச் சொன்னார்களாம். எங்களுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு விமானத்தில்தான் போக வேண்டும். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பே அன்றைக்குக் காப்பாற்றியது என்று பிற்பாடு சொன்னாள். ஆனாலும் எல்லாரையும் அப்படிச் சிரிக்கவைக்க முடியாது. அதனால்தான் எங்கள் பாஷையிலேயே, எங்கள் ஆட்களே எடுத்துப் பேசுகிற போன் ஒன்றை வைப்பதென்று கவுன்சில் முடிவுசெய்தது. ரேடியோ அறைக்கு அடுத்த அறையில் இரண்டு நாற்காலி, ஒரு போன், ஒரு ஹீட்டர்.

பயிற்சி கொடுக்க வந்தவள் கொலீன். அவளும் எங்கள் பூர்வகுடி இனம்தான், தெற்கே வேறொரு ஏரிக்கரைக்காரி. தம்பியைப் பறிகொடுத்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். சிரித்தால் ஜன்னல் அதிரும். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஜெமைமாவை எதிரே உட்காரவைத்துக் கேட்டாள்:

"ரகசியம் காப்பாத்துவீங்களா?"

"ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

ஜெமைமா கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாளாம். பிறகு சொன்னாளாம்: "என் வாய் பெருசுதான். ஆனா லீவை போறதுக்கு முந்தின வாரம் என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டான். முகமே சரியில்ல. எனக்குத் தெரிஞ்சுது. ஊர்ல அத்தனை பேர் சங்கதியையும் கேக்குறவ, அதை மட்டும் கேக்கல. இந்த வாய் அன்னிக்கு எங்க போச்சு? அதான் வந்திருக்கேன்."

கொலீன் அவளைச் சேர்த்துக்கொண்டாள். நானும் சேர்ந்தேன். நான் ஜெமைமாவுக்கு மாமன் மகன், கட்டிக்கொள்ளும் முறை. எங்கள் வழக்கப்படி ஒருவரை ஒருவர் கேலி செய்வதற்கு முழு உரிமை உண்டு. அவள் புருஷன் எலைஜாவும் அதை ஒன்றும் சொல்ல முடியாது. முதல் நாளே அவள் எல்லார் முன்னாலும், "ஆம்ப்ரோஸ் மச்சான் வந்திருக்காரே! இவரு பேச ஆரம்பிச்சா கூப்பிட்டவங்க தூங்கிருவாங்க. அதுவும் ஒரு தடுப்புதான்," என்றாள்.

பயிற்சியில் எங்கள் இரண்டு பேரையும் ஜோடியாகப் போட்டார்கள். நான் கூப்பிடுகிறவன், அவள் எடுக்கிறவள்.

நான் சொன்னேன், "எனக்கு மனசே சரியில்லை."

"இந்த ஊர்ல யாருக்குய்யா சரியா இருக்கு?" என்றாள் அவள்.

கொலீன் நிறுத்தினாள். "கேளுங்க ஜெமைமா. நீங்க பேசக் கூடாது, அவங்க பேசணும்."

மறுபடி ஆரம்பித்தோம். "மனசே சரியில்லை. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது."

"எப்படி வரும் மச்சான்? ராத்திரி பத்து மணிக்குக் கருவாடு திங்கிறியே!"

கொலீன் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று விஷயம் சொன்னாள். ஒன்று, முழுசாகக் கேளுங்கள். இரண்டு, ஆபத்தில் இருக்கிறவரைத் தனியாக விடாதீர்கள். அந்த நேரத்தில் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். மூன்றாவதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. சுற்றி வளைக்காமல், உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறாயா என்று நேராகக் கேட்டுவிட வேண்டும்.

அந்தப் பேச்சை எடுத்தாலே அது வீட்டுக்குள் வந்துவிடும் என்றுதான் எங்களை வளர்த்தார்கள். கொலீன் சொன்னாள்: "நீங்க கேக்குறதால அந்த நினைப்பு புதுசா வராது. ஏற்கெனவே வந்திருந்தா, அதைத் தனியா சுமக்குறவங்களுக்கு இறக்கி வைக்க ஒரு இடம் கிடைக்கும். அவ்வளவுதான்."

ஜெமைமாவுக்கு அந்தக் கேள்வி மட்டும் வாயில் வரவில்லை. வீட்டில் பழகிப் பார்த்தாள். கண்ணாடியைக் கேட்டாள். நாய்களைக் கேட்டாள்; அதில் ஒன்று எழுந்து வெளியே போய்விட்டதாம். கடையில் பால் எடுத்துக்கொண்டே தனக்குள் முணுமுணுக்கப்போய், கல்லாவில் இருந்த பெண் திடுக்கிட்டு, "இல்லைக்கா, கொஞ்சம் சளிதான்," என்றிருக்கிறாள்.

அன்று மாலை எலைஜா சூப் குடித்துக்கொண்டிருந்தான். எதிரே வந்து நின்று கேட்டாள்: "என்னங்க, உயிரை மாய்ச்சுக்கணும்னு யோசிக்கிறீங்களா?"

"இந்தச் சூப்பை நாளைக்கும் வச்சேன்னா யோசிக்கிறேன்."

துடைக்கிற துணியால் ஒரு அடி அடித்தாள். "சும்மா பழகிப் பாக்குறேன். ஒழுங்கா பதில் சொல்லுங்க." மறுபடி கேட்டாள், இந்தத் தடவை மெதுவாக.

எலைஜா கரண்டியை வைத்தான். "இப்ப இல்லை," என்றான். "போன வசந்தத்துல ஒரு நாள் நினைச்சேன். ஏரிப் பனி உடையுற சமயம். அப்புறம் போயிருச்சு."

முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறார்கள். அவளுக்குத் தெரியாத ஒரு சங்கதி இந்த உலகத்தில் இருந்தது, அதுவும் அவள் சமையலறையிலேயே. சூப் ஆறிப்போனது. அவன் பேசினான். அன்றைக்குத்தான், அவள் வாயைத் திறக்காமல் முழுசாக ஒருவர் சொன்னதைக் கேட்டாள். மறுநாள் வந்து கொலீனிடம், "அந்தக் கேள்வி வேலை செய்யுதுங்க," என்று மட்டும் சொன்னாள். இதை எனக்குச் சொன்னது எலைஜாதான், அவள் அல்ல.

போன் வேலைக்கு வந்தது. நாங்கள் நினைத்துப் பார்க்காத சிக்கல் ஒன்று இருந்தது. பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று அறிவித்திருந்தோம். ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் தும்மினாலே இன்னார் வீட்டுத் தும்மல் என்று தெரிந்துவிடும். அதனால் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் குரலை மாற்றிக்கொண்டு கூப்பிட்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினவர்கள் உண்டு. வெள்ளைக்காரன்போல இங்கிலீஷ் பேசி, பாதியில் அது தீர்ந்துபோய் எங்கள் பாஷைக்குத் திரும்பினவர்களும் உண்டு.

ரூபஸ் இதில் தலைசிறந்தவன். விமானத் தளத்தில் பனி தள்ளுகிற வண்டி ஓட்டுகிறவன். பெண்டாட்டி பிரிந்து போய்விட்டாள். கட்டைக்குரலில் கூப்பிடுவான்.

"நான் ரொம்ப வடக்கேயிருந்து பேசுறேன். எனக்கில்லை. என் சிநேகிதன் ஒருத்தனுக்காகக் கூப்பிடுறேன்."

பின்னாலேயே பனிவண்டி பின்வாங்குகிற பீப் பீப் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் ஜன்னல் வழியாகவும் வரும், போன் வழியாகவும் வரும். ஜெமைமா உதட்டைக் கடித்துக்கொண்டு, "உங்க சிநேகிதன் இந்த வாரம் எப்படி இருக்காரு?" என்பாள். சிநேகிதன் தூங்கவில்லை, சிநேகிதன் சமைத்துச் சாப்பிடுவதில்லை என்று அவன் சொல்லிக்கொண்டே போவான். அவள் அந்தச் சிநேகிதனிடமும் அந்தக் கேள்வியை அனுப்பினாள். சிநேகிதன் அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் வீட்டுக்குள் நுழையவே பயமாக இருக்கிறதாம் என்று பதில் வந்தது.

மறுநாள் கடையில் இருவரும் எதிரெதிரே வருவார்கள். "குளிரு ஜாஸ்தி," என்பான் ரூபஸ். "ஆமா, ஜாஸ்தி," என்பாள் ஜெமைமா. அவள் முகம் சிவந்து வெடிக்கப் பார்க்கும். ஆனால் ஒரு சொல் வெளியே வராது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். போனில் தன் முறை முடிந்து கிளம்பும்போது, காயவைத்த மூஸ் மான் கறித்துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாள். அதை மென்று முடிக்கவே நேரம் போதாது. எதிரே யார் வந்து என்ன கேட்டாலும் வாயைக் காட்டிவிட்டுப் போய்விடுவாள். அந்தக் குளிர்காலம் எலைஜாவுக்குக் காய்ந்த கறியே மிஞ்சவில்லை.

இனி டோர்க்காஸ். எலைஜாவின் அக்கா. அவளும் ஜெமைமாவும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். காரணம் ஒரு பிங்கோ. பரிசு, துணி துவைக்கிற இயந்திரம். ஓ வரிசையில் அறுபத்து மூன்று என்று ரேடியோவில் கேட்டு, தன் சீட்டு நிறைந்துவிட்டதாக டோர்க்காஸ் போன் செய்தாள். நான் சொன்னது எழுபத்து மூன்று என்றாள் ஜெமைமா. அதற்குள் இன்னொருத்திக்கு விழுந்துவிட்டது. அந்த இன்னொருத்தி ஜெமைமாவின் சொந்தச் சித்தி. கேட்க வேண்டுமா? அன்றிலிருந்து எலைஜாதான் இரண்டு வீட்டுக்கும் தூது. "உன் பெண்டாட்டிகிட்ட சொல்லு" என்பாள் ஒருத்தி. "உங்க அக்காகிட்ட சொல்லுங்க" என்பாள் இன்னொருத்தி. லீவையின் அடக்கத்தில்கூட குழிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இருவரும் அழுதார்கள். பேசவில்லை.

மார்ச் மாதம் ஒரு பிற்பகல். நானும் ஜெமைமாவும் முறையில் இருந்தோம். போன் அடித்தது. அவள் எடுத்தாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூச்சு மட்டும். ஜெமைமா காத்திருந்தாள், அதற்குள் காத்திருக்கப் பழகியிருந்தாள். அப்போது போனுக்குள் ஒரு நீர்ப்பறவை கூவியது.

ஊரிலேயே ஒரே ஒரு வீட்டில்தான் மணிக்கு ஒரு பறவை கூவுகிற கடிகாரம் இருக்கிறது. சண்டைக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸுக்கு ஜெமைமாவே வாங்கிக் கொடுத்தது.

"நான் இருக்கேன். மெதுவா பேசுங்க," என்றாள் ஜெமைமா.

"நீயா?" என்றது குரல். போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஜெமைமா எழுந்துவிட்டாள். "மச்சான், மதினிடா அது. குரல் நல்லால்ல. நான் போறேன். நீ நர்ஸைக் கூப்பிடு. போனைவிட்டு நகராதே."

ஊர்ச் சுகாதார நிலைய நர்ஸ் அந்த நேரம் ஒரு குழந்தைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். முடித்த கையோடு வருகிறேன் என்றாள். ஜெமைமாவின் வண்டி வழக்கம்போலக் கிளம்பவில்லை. டோர்க்காஸ் வீடு ஏரி வளைவுக்கு அந்தப் பக்கம், விமானத் தளத்தையும் தாண்டி. ஜன்னலில் பார்க்கிறேன், அவள் பனியில் ஓடுகிறாள். ஓடுகிறாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. எதிரே ரூபஸின் பனிவண்டி வந்தது. அதன் முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் நடந்ததை எனக்கு மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள், ஊர் விருந்தில் எல்லார் முன்னாலும் சொல்லியும் இருக்கிறார்கள். டோர்க்காஸே இதை நான் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறாள், தன் பங்கு வசனத்தை மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு.

"ரூபஸ், டோர்க்காஸ் வீட்டுக்கு ஓட்டு," என்றாளாம் ஜெமைமா.

"விமானம் வர்ற நேரம்க்கா. ஓடுபாதையில கடைசி ஒரு சுத்து பாக்கி இருக்கு."

"விமானம் மேலயே கொஞ்சம் சுத்தட்டும்."

ரூபஸ் அவள் முகத்தைப் பார்த்தான். வண்டியைத் திருப்பினான். பாதி வழியில் கட்டைக்குரலும் இல்லாமல், வடக்கும் இல்லாமல், தன் சொந்தக் குரலில், "என்கிட்ட கேட்ட மாதிரியே கேளு. கேட்டா நல்லாத்தான் இருக்கும்," என்றான்.

மஞ்சள் விளக்கு சுழல, பெரிய தகடு முன்னால் நிற்க, பனிவண்டி டோர்க்காஸ் வாசலில் போய் நின்றது. ஜெமைமா கதவைத் தட்டினாள்.

"போயிரு," என்றது உள்ளிருந்து குரல்.

"மதினி, கதவைத் திற."

"ஊரையே கூட்டிட்டு வந்திருக்கியா? என்ன வண்டி அது?"

"பனிவண்டி. உன் வாசலையும் தள்ளிட்டுப் போகச் சொல்றேன். திற."

கதவு திறந்தது. டோர்க்காஸ் பல நாளாக உடை மாற்றாமல், தலை சீவாமல் நின்றாள். ஜெமைமா நுழைந்த வேகத்தில், தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள்: "மதினி, உயிரை மாய்ச்சுக்கணும்னு யோசிக்கிறியா?" பிங்கோ நம்பர் கூப்பிடுகிற குரல். வெளியே ரூபஸுக்கே கேட்டதாம். பக்கத்து வீட்டு நாய்கள் குரைத்தன.

டோர்க்காஸ் அவள் பின்னால் கதவைச் சாத்தினாள்.

"ஆமா," என்றாள்.

ஜெமைமா கேள்வியைத்தான் அத்தனை தடவை பழகியிருந்தாள். ஆமாம் என்று பதில் வந்தால் என்ன செய்வது என்று கொலீன் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் பறந்துபோனது. கதவோரம் கிடந்த பூட்ஸ்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சரி," என்றாள். "சரி. நான் இங்கயேதான் இருக்கேன். எனக்குக் கொஞ்சம் டீ குடு."

"செத்துப்போறேன்னு சொல்றேன், டீ கேக்குற?"

"கை நடுங்குது மதினி."

டோர்க்காஸ் கெட்டிலை வைத்தாள். பிற்பாடு அவள் எனக்குச் சொன்னது: "அவ ஏதாவது ஆறுதல் சொல்லியிருந்தா வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன். தரையில உக்காந்து நடுங்குறா. யாராவது ஒருத்தர் டீ போட்டுத்தானே ஆகணும்."

டீ வந்தது. டோர்க்காஸும் தரையிலேயே வந்து உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தாள். தூக்கம் போய்ப் பல வாரம் ஆயிற்று. வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. பார்க்க வருகிறவர்கள் வானிலையைப் பேசிவிட்டுப் போகிறார்கள். "என் பையன் பேரை ஒருத்தரும் சொல்றதில்லடி. அவன் பிறக்கவே இல்லாத மாதிரி நடந்துக்கிறாங்க. நான் அழுதிருவேன்னு பயம். நான் அழுதா என்ன, வீடு ஒழுகிடுமா?"

ஜெமைமா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் வாழ்நாளில் மிக நீண்ட மௌனம் அது என்று டோர்க்காஸ் சத்தியம் செய்வாள். பிறகு சொன்னாள்:

"லீவை என்ன பண்ணுவான் தெரியுமா? உன் வீட்டுல சாப்பிட்டுட்டு நேரா என் வீட்டுக்கு வருவான். 'அத்தை, எங்கம்மா சுட்ட ரொட்டி கல்லு மாதிரி இருக்கு, உன் ரொட்டிதான் ரொட்டி'ம்பான். நான் இன்னும் நாலு போடுவேன்."

டோர்க்காஸ் நிமிர்ந்தாள். "என்கிட்ட வந்து உன் ரொட்டியை நாய்கூட மோந்து பாக்காதுன்னு சொல்லி, மறுபடி சாப்பிடுவானேடி!"

"ரெண்டு பேரையும் ஏமாத்தித் தின்னிருக்கான், பய."

லீவை பெயர் அந்த வீட்டில் மறுபடி ஒலித்தது. டோர்க்காஸ் அழுதாள். வீடு ஒழுகவில்லை. அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, திடீரென்று கேட்டாள்:

"இப்பவாவது ஒத்துக்கோ. அன்னிக்கு நீ சொன்னது அறுபத்து மூணுதானே?"

ஜெமைமா திண்டாடிப் போனாள். எதிரே இருப்பவள் சாக நினைத்தவள். ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? "எழுபத்து மூணு," என்றாள்.

"பாவி! இன்னிக்குக்கூடவா?"

"எழுபத்து மூணுதான் மதினி. நான் என்ன பண்ணட்டும்?"

டோர்க்காஸ் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. பிறகு ஒரு தடவை எனக்கு அவள் இதை விளக்கினாள்: "அறுபத்து மூணுன்னு மட்டும் அவ சொல்லியிருந்தா, நான் அவ்வளவு மோசமான நிலைமைக்குப் போயிட்டேன்னு தெரிஞ்சிருக்கும். அவ சண்டை போட்டா. அப்ப நான் இன்னும் ஆளாத்தான் இருக்கேன்னு தோணுச்சு."

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நர்ஸ் வந்து சேர்ந்தாள். அவள் பின்னாலேயே கொலீன். எங்களைப் பார்த்துப்போக அந்த விமானத்தில் வந்தவள், விஷயம் கேட்டு நேராக அங்கே வந்துவிட்டாள். ரூபஸ் திரும்பிப் போய் ஓடுபாதையைத் தள்ளி முடிக்கும்வரை ஏரிக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றி, பக்கத்து இருக்கைக்காரரின் மடியில் வாந்தி எடுத்துவிட்டு இறங்கியிருந்தாள். இரண்டு பெண்கள் பூட்ஸ் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருப்பதைப் பார்த்து, தானும் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அதற்கு மேல் ஜெமைமாவால் முடியாததையெல்லாம் கொலீன் செய்தாள். சாயங்காலம் வரை டோர்க்காஸோடு பேசி, இந்த ராத்திரி யார் கூட இருப்பது, நாளை காலை யார் வருவது, மறுபடி அந்த நினைப்பு வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவது என்று அவள் வாயாலேயே சொல்லவைத்தாள். முதல் பெயராக டோர்க்காஸ் சொன்னது ஜெமைமாவை. "வேற வழி? அவதான் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டாளே," என்றாள்.

வீட்டில் ஆபத்தானது எதுவும் இருக்கக் கூடாது என்று எலைஜாவை அழைத்துச் சொன்னார்கள். அவன் அக்காமேல் இருந்த பாசத்தில் ஒரு வண்டி நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் டோர்க்காஸ் போன் செய்தாள், எங்கள் தடுப்புப் போனுக்கே.

"ஆம்ப்ரோஸா? உயிருக்கு ஒண்ணும் இல்லை. என் தம்பி டின் திறக்குற சாமானையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிட்டான். பட்டினி போட்டுக் காப்பாத்துறதா உத்தேசமா?"

டோர்க்காஸ் சில வாரம் நகரத்தில் தங்கி மருத்துவரைப் பார்த்தாள். தூக்கத்துக்கும் மனசுக்கும் மருந்து கொடுத்தார்கள். ஜெமைமாவும் கூடப் போனாள். அந்த நாட்களில் பிங்கோ நம்பரை எலைஜா கூப்பிட்டான். நம்பரைத் தவிர ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். ஊர் கொதித்துப்போனது. திரும்பி வந்த டோர்க்காஸுக்கு வீடு நிறையச் சூப் வந்து குவிந்தது. எல்லாரும் வந்து லீவையின் பெயரைச் சொன்னார்கள். சிலர் உள்ளே நுழையும்போதே, "லீவை, லீவை," என்று சொல்லிக்கொண்டு வந்தார்களாம், மறந்துவிடாமல் இருக்க.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எல்லாம் சுகம் என்று சொன்னால் பொய். அடுத்த ஆண்டு ஒரு பையனை இழந்தோம். அவன் எங்களைக் கூப்பிடவே இல்லை. அன்றைக்கு அவன் அம்மாவின் வீட்டுக்கு முதலில் போனவள் டோர்க்காஸ்தான். வானிலையைப் பேசவில்லை. அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். இப்போது பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாக்கள் வாரம் ஒருமுறை அவள் வீட்டில் கூடுகிறார்கள். சீட்டாடுகிறார்கள், அழுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள். ஜெமைமாவுக்கு அங்கே அத்தை என்ற கணக்கில் இடம் உண்டு, ஆனால் நம்பர் கூப்பிட அனுமதி இல்லை. ரூபஸ் இன்னும் வாரம் தவறாமல் போன் செய்கிறான், இப்போது தன் பெயரைச் சொல்லியே. சிநேகிதன் சமைக்கப் பழகிவிட்டானாம்.

போன இலையுதிர்காலத்தில் கிழக்கே உள்ள இன்னொரு ஊர்க்காரர்கள், தாங்களும் இதுபோல ஒரு போன் வைக்கப் போவதாகவும், இரண்டு பெண்களும் வந்து பேச வேண்டுமென்றும் சொல்லி அனுப்பினார்கள். சின்ன விமானம். நான்தான் அவர்களை விமானத் தளத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். எல்லாவற்றையும் எடை பார்த்து ஏற்றுகிற விமானி, கூச்சத்தோடு ஜெமைமாவிடம் அவள் எடையைக் கேட்டான். அவள் ஒரு எண்ணைச் சொன்னாள்.

"பொய்," என்றாள் டோர்க்காஸ், பின்னாலிருந்து.

"மதினி!"

"நாம கீழ விழுந்து செத்தா யாருடி போய்த் தற்கொலையைத் தடுக்குறது? தம்பி, அவ சொன்னதோட இன்னும் நாப்பது சேத்துக்க."

"அப்ப மதினி சொல்றதுல அறுபது சேத்துக்கங்க!"

விமானி கணக்குப் போட்டுப் பார்த்தான். எதையாவது இறக்கியாக வேண்டும் என்றான். நகரத்திலிருந்து வந்திருந்த, மன ஆரோக்கியத்தைப் பற்றி வழவழப்பான தாளில் அச்சடித்த கனமான புத்தகப் பெட்டி ஒன்று இருந்தது. ரொட்டியும் புகைபோட்ட மீனும் நிறைந்த பெட்டி இன்னொன்று. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. ஒரே நேரத்தில் ஒரே பெட்டியைக் கை காட்டினார்கள்.

விமானம் ஏறிப் போய்விட்டது. அந்தப் புத்தகப் பெட்டியை நான்தான் தூக்கி வண்டியில் போட்டேன். உண்மையிலேயே நல்ல கனம்.